பாதியில் நின்ற பாடம்

ஜூலை 9

அன்புள்ள வாயாடி,

நலம்தானே? நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து என் ஒன்பதாம் வகுப்பு தலைகால் புரியாமல் ஆடுகிறது. "மிஸ், கேமரா மேடம் மறுபடி எப்ப வருவாங்க?" என்று ஒரே நச்சரிப்பு.

−3(x − 2)-ஐ விரிக்கச் சொன்னால் ஒருத்தி −3x − 6 என்றாளே, அதை நான் முகம் மாறாமல் பலகையில் எழுதியதும் நீ பதறிப்போனாய்! தப்பை அவர்களே பிடிக்கட்டும் என்று விடுவதுதான் என் வழக்கம். கடைசி பெஞ்சுக்காரி x-க்கு இரண்டைப் போட்டுப் பார்த்து, "மிஸ், இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் மைனஸ் பன்னிரண்டு!" என்று கத்தினாளே, அங்கேதான் பாடமே.

பயிற்றுநர் தேர்வுக் குழுவில், நீ எடுத்த அந்தப் பாடத்தின் படத்தைக் காட்டுவதாகச் சொன்னாய். இத்தனை வருஷம் வகுப்பறையிலேயே கிடந்துவிட்டேன். புது ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கொள்ளை ஆசை. உன்னைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

உன்,
சாக்பீஸ்

செப்டம்பர் 3

வாயாடி,

நேற்றுப் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். திரையில் 'தவிர்க்க வேண்டிய கற்பித்தல்' என்று தலைப்பு. கீழே என் முதுகு, என் குரல், பலகையில் −3x − 6. படம் அங்கேயே நின்றுவிட்டது. "குறி மாத்தத் தெரியாதவங்கல்லாம் கணக்கு டீச்சர்!" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மிச்சம் எங்கேடி? வெட்டியது யார்?

சாக்பீஸ்

செப்டம்பர் 10

அன்புள்ள சாக்பீஸ்,

சத்தியமாக நான் வெட்டவில்லை. குழுவில் படம் ஓடும்போதே கல்வித் துறை இயக்குநர், "போதும், நிறுத்துங்க. இந்தம்மாவுக்கே தெரியலையே" என்றார். மேலே ஓடவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்குத்தான் என் பதவி உயர்வும் பேச்சில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நிறுத்திய இடத்தோடு வெட்டி முகாமுக்கு அனுப்பியது குழுக்காரர்கள்தான்.

உன் முகம்தான் தெரியவில்லையே, விடு. இப்போது நான் துணை இயக்குநர். அடுத்த வருஷம் முழுப் பாடத்தையும் படம் எடுக்கிறேன். உனக்காக நானே பேசுகிறேன்.

உன்,
வாயாடி

செப்டம்பர் 18

மதிப்பிற்குரிய துணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பதவி உயர்வுக்கு வாழ்த்துகள்.

முகம் தெரியவில்லை என்கிறீர்கள். முகாமுக்கு வந்தவர்கள் வாய் சும்மா இருக்குமா? பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். தலைமை ஆசிரியை ஒன்பதாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கி ஆறாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்.

இயக்குநர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பாதிதான் பார்த்தார். நீங்கள் முழுப் பாடத்தையும் பார்த்தீர்கள். அந்தப் பெண் தப்பைப் பிடித்தபோது என் பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டினீர்கள்.

படம் எடுக்க வரலாம், அது உங்கள் அதிகாரம். வகுப்புக் கதவு திறந்திருக்கும். என் வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
ஆறாம் வகுப்பு