வெடிச் சத்தத்துக்குப் பின் ஒரு பொறை

அண்ணா,

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பட்டாசைக் காயவைத்திருக்கிறார்கள். மருந்து வாசனை எங்கள் வாசல்வரை வருகிறது. போன தீபாவளிக்கும் இதே வாசனைதான். அன்று முதல் சரவெடிக்கே உங்கள் நாய் டைகர் இஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து பாய்ந்து, வேளச்சேரி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் பின்னங்காலை உடைத்துக்கொண்டது. "இன்னொரு தீபாவளிய இது தாங்காதும்மா" என்றீர்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டபின், வீட்டுக்கு வெளியே நான் பேசிய ஆள் நீங்கள் ஒருவர்தான். துணி கொடுக்க வரும்போதெல்லாம் டைகரின் பயத்தைத் தெளியவைக்கும் வேலையும் இருக்கும். டீக்கடைப் பொறை பிஸ்கட்டை நான் நீட்டுவேன். அது வாயில் வாங்கியதும் நீங்கள் இஸ்திரிப் பெட்டி மூடியைத் தட்டுவீர்கள். பத்தே நாளில் டைகர் பொறையைக் கண்டாலே ஓட ஆரம்பித்தது.

"இன்னாம்மா இது, பொறைய பாத்து பேய பாத்தாப்ல ஓடுது! இதுக்குப் போய் டைகர்னு பேர் வெச்சேனே."

"பொறை வந்தா பின்னாலயே சத்தம் வரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணா. மொதல்ல சத்தம், அப்புறம் பொறை குடுத்துப் பாக்கலாமா?"

கரியை விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "எட்டாவதோட நின்ன பொண்ணா நீ? டாக்டராட்டம் பேசற!"

அன்று வீடுவரை தலைகுனியாமல் நடந்தேன்.

முதலில் தெருக்கோடியில் நின்று தட்டினீர்கள். பிறகு மரத்தடியில். பிறகு வண்டியிலேயே, ஓங்கி. ஆடி மாதம் அம்மன் கோயிலில் வெடி போட்டபோது டைகர் நடுங்கியது. ஆனால் ஓடாமல் உங்கள் கையைப் பார்த்தது. சட்டைப் பையிலிருந்து பொறையை எடுத்து முழுசாக அதன் வாயில் வைத்தீர்கள்.

புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். மேளம் அடித்து, பாடைக்கு முன்னால் வெடி போட்டுக்கொண்டே போனார்கள். நான் தெருமுனையில் பெண்களோடு நின்றேன். டைகர் ஓடவில்லை, அண்ணா. ஒவ்வொரு வெடிக்கும் நின்று பாடையை அண்ணாந்து பார்த்தது. கொஞ்சம் காத்திருக்கும். மறுபடி நடக்கும்.

என் தாவணி முந்தியில் நான்கு பொறை முடிந்து வைத்திருந்தேன், அதற்குக் கொடுக்கத்தான். ஆனால் ஆடிக்கொண்டிருந்த ஆண்களைத் தாண்டி நடுத்தெருவுக்குப் போகவேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள். நான் போகவில்லை.

டைகர் இன்னும் வண்டியடியில்தான் கிடக்கிறது. சத்தம் கேட்டால் ஓடுவதில்லை. யார் கையையும் பார்ப்பதுமில்லை. தீபாவளியன்று நாள் முழுக்க, யார் பார்த்தாலும், அதன் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.

உங்களைத் தூக்கிப்போன அன்று பொறை முடிச்சை அவிழ்க்காமலே வீட்டுக்கு வந்ததை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.