முடுக்குச் சுவர் இடிந்த சேதி

கடலும் கலமும் கைகட்டி நிற்க, பழமை இருளைப் பந்தம் பிடித்துத் துரத்திய புதுமைப் பரிதி, சீர்திருத்தச் சிங்கேறு திரையமாறர் திருவாய் மலர்ந்தருள, அமைச்சர் நெடுமதியார் எழுதும் ஓலை. முத்துக்கரைத் தலைவர் வயிரவனார் காண்க. நும் துறையில் மீன் பெருகுக. நும் தலைவலி குறைக.

சங்குமுனையில் விளைந்த வெற்றியைக் கேளும்! வீட்டுக் கொல்லைகளை ஒட்டி, ஆடவர் கால்படாமல் முஸ்லிம் பெண்கள் மட்டும் நடமாடும் முடுக்குகளை மன்னர் சுவரெழுப்பி அடைத்தார். தலைமுதல் கால்வரை போர்த்தும் துப்பட்டியைக் களைந்து அரசவீதியில் நடப்பதே விடுதலை என்று முரசறைந்தார். களையாதவர் துப்பட்டியைக் காவலர் கோலால் களைந்தனர். மூன்றே திங்களில் வீதியில் ஒரு துப்பட்டியும் இல்லை. மன்னர் மகிழ்ந்து விருந்து வைத்தார். வீதியில் ஒரு பெண்ணும் இல்லை என்று விருந்தின் நடுவே சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

மருத்துவச்சி மீராளும்மாள் முடுக்குவழியே நாளுக்குப் பத்து வீடு ஏறி இறங்கியவள். வீதியில் கோல் அவள் தலைமேல் பட்ட அன்றே மருந்துப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். அடுத்த தெருவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அலறியது காதில் விழுந்தும் போக வழியின்றி வீட்டுக்குள் கிடந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

இந்நிலையில் அவ்வூர்த் துறைமாளிகையில் பட்டத்தரசிக்கு இடுப்புவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்க, அரண்மனை வைத்தியர் சுவடி புரட்டினார். பல்லக்கு பறந்தது. மீராளும்மாள் கதவிடுக்கில் நின்றாள். பெட்டி அதற்குள் அவள் இடுப்பில் இருந்தது.

"பல்லக்கு ஊரைச் சுத்தித்தான் போவும் தம்பி. எங்க முடுக்கு மாளிகைக் கொல்லையிலதான் முடியுது. சுவரை எடுங்க, எட்டு எட்டுல வந்திர்றேன்" என்றாளாம்.

"ராசா கட்டின சுவராச்சே லாத்தா!" என்று காவலர் சொல்ல, "அப்ப ராசாவையே புள்ள எடுக்கச் சொல்லு" என்றாளாம்.

மன்னரே கடப்பாரை எடுத்தார்! மூன்றாம் குத்தில் சுவர் சாய்ந்தது. (கட்டியவரை விசாரிக்கும் ஓலை தனியே வரும்.) உச்சிப்பொழுதில் இளவரசி பிறந்தாள், தாயும் சேயும் நலம்.

ஆகவே அறிக: முடுக்கு என்பது நம் மன்னர் இப்போதுதான் கண்டுபிடித்தருளிய புதுமை, அதன் திருப்பெயர் 'மகளிர் விரைவுவழி'. முந்தைய ஆணைப்படி நும் ஊரில் எழும் முடுக்குச் சுவரை இன்றே இடிப்பீராக. துப்பட்டி இடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம்.

வளர்பிறை ஏழாம் நாள் மன்னர் அங்கு எழுந்தருளி, அவ்வழியைத் தாமே நடந்து திறப்பார். ஆடவர் புகலாகாது என்று பெண்கள் மறுத்தமையால், "வந்தே ஆவணும்னா எங்களாட்டம் மூடிக்கிட்டு வரட்டும்" என்று மீராளும்மாள் வழி சொன்னாள்; புதுமை வேட்கையால் மன்னர் இசைந்தார். எனவே ஆறடி உயரத்துக்கு, கிரீடமும் அடங்குமாறு, துப்பட்டி ஒன்று தைத்து வைப்பீராக. பழைய பழக்கத்தில் கோல் நீட்டும் காவலர் எவரையும் அன்று அப்பக்கம் நிறுத்தலாகாது. இது சிங்க முத்திரையிட்ட ஆணை.