இனமா, ஊனமா

மார்ச் 4, செவ்வாய்

கொக்கி இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டான். ஒரே ஆய்வகம், எதிரெதிர் மேசை, பதினோரு வருஷம். நான் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கி போடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஏரிச் சேற்றில் எடுத்த, வளர்ந்தால் கொசு மாதிரிப் பறக்கிற சிவப்புப் புழு ஒன்றின் தலையை வெட்டி, பொட்டாஷ் காரத்தில் ஊறவைத்து, மல்லாத்தி ஸ்லைடு செய்தேன். இந்தக் குடும்பத்தில் எது எந்த இனம் என்பதைப் புழுப் பருவத்தில் பல்லைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நடுவில் மூன்று பிளவாக ஒரு பல் இருக்க வேண்டும். இதில் அந்த இடம் வெறும் பள்ளம். இருபுறமும் ஆறாறு பல், வரிசை பிசகாமல். இது முப்பத்தோராவது ஸ்லைடு. முப்பத்தொன்றும் இப்படியே இருந்தால் புது இனம் இல்லாமல் வேறென்ன?

கொக்கி எட்டிப் பார்த்தான். "மேடம், இது இனம் இல்ல. ஊனம்."

போன மார்ச்சிலும் இதையேதான் சொன்னான். பொறாமை.

மார்ச் 7, வெள்ளி

அக்கா போன் செய்தாள். ஏரிக்கரைத் தெருவில் சாயங்காலம் ஜன்னலைத் திறக்க முடியவில்லையாம். வாயும் வயிறுமாக இருக்கிற மருமகள் வீட்டுக்குள் வேகிறாளாம். "உன் கொசு பூரா எங்க வீட்லதான்டி குடியிருக்கு. வாயத் தொறந்தா நாலு உள்ள போகுது."

கொசு இல்லை, கடிக்காது என்று நூறாவது தடவையாகச் சொன்னேன். கொசுவுக்குக் குத்துகிற ஊசி உண்டு. இதற்கு வாய் பெயருக்குத்தான் இருக்கிறது. பனியில் நடப்பது, வெந்நீர் ஊற்றில் வாழ்வது, கடலில் வாழ்வது, சருகாய்க் காய்ந்து கிடந்து தண்ணீர் பட்டதும் எழுந்து நெளிவது என்று ஆயிரக்கணக்கான இனங்கள். அத்தனைக்கும் சேர்த்து ஊர் வைத்த பெயர் 'கடிக்காத கொசு'. கடிக்கவில்லையே என்று குறையா இவர்களுக்கு?

"அப்ப எதுக்குடி அதுங்க இருக்கு?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டேன். டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஏரியில மட்டும் இருக்கிற இனம்! வருடாந்திர அறிக்கையில முதல் பக்கம்!" புழுவுக்குத் தலை எது வால் எது என்று தெரியாத மனுஷன்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கொக்கி வாயைத் திறந்தான். "ஒண்ணையாவது வளர்த்துப் பாத்தாங்களான்னு கேளுங்க சார். தண்ணிய சோதிக்கணும்னு போன வருஷமே சொன்னேன்."

தெரியாதா எனக்கு? புழுவைத் தனிக் குப்பியில் விட வேண்டும். அது கழற்றிய தோல், கூட்டுப்புழுத் தோல், பறக்கிற பூச்சி மூன்றும் ஒன்றாகக் கையில் இருந்தால் பெயரில் சந்தேகமே வராது. முப்பத்தொரு தலை இருக்கும்போது அதெல்லாம் எதற்கு? இவன் யார் என்னைக் கேட்க?

மார்ச் 20, வியாழன்

இனமா, ஊனமா. நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது, சனியன்.

ஏப்ரல் 2, புதன்

இதழிலிருந்தும் அதையே கேட்கிறார்கள். வளர்த்துக் காட்ட வேண்டுமாம். இருபது குப்பி, வாயில் வலைத்துணி. கொக்கி பார்க்கிறான் என்று முதுகைக் காட்டிக்கொண்டு செய்தேன்.

ஏப்ரல் 9, புதன்

பதினொன்று செத்துவிட்டன.

ஏப்ரல் 14, திங்கள்

ஒன்று பூச்சியாகிப் பறந்துவிட்டது. ஆண். வாலைப் பார்த்தால் போதும், இனம் தெரிந்துவிடும்.

கழற்றிப்போட்ட தலையில் அதே பள்ளம். வாலோ — சாக்கடையில் கைவிட்டால் கைப்பிடிக்கு நூறு வருமே, அந்த இனம்! படத்தை வைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். இரண்டாவது குப்பியிலும் அதேதான். இதே இனத்துக்கு நல்ல தண்ணீரில் நடுப்பல் ஒழுங்காக முளைக்கிறது. அப்படியானால் இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

என் முகத்தில் ஈயாடவில்லை. கொக்கி வந்து குனிந்து பார்த்தான். சிரித்திருந்தால் அந்த மைக்ராஸ்கோப்பாலேயே அடித்திருப்பேன். சிரிக்கவில்லை. "தண்ணி சாம்பிள் எடுக்கட்டுமா?" என்றான்.

"எடுத்துத் தொலைங்க."

ஏப்ரல் 23, புதன்

சேற்றில் ஈயம், காட்மியம். தண்ணீரிலும். நான் புழு எடுத்த இடத்துக்கு நேர் மேலேதான் ஏரிக்கரைத் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்.

டைரக்டர் குதித்தார். "அறிக்கை அச்சுக்குப் போயாச்சு! ஒரு புழுவோட பல்லுக்காக ஊரையே கலவரப்படுத்துவீங்களா?" நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். முடிவுகளைக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்பினேன். என் கையெழுத்துக்குக் கீழே கொக்கியும் போட்டான். அதற்காக அவனைப் பிடித்துவிட்டது என்றில்லை.

மே 6, செவ்வாய்

மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரைத் தெருவுக்கு லாரித் தண்ணீர்.

மே 20, செவ்வாய்

அக்கா ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குடிநீர் வாரியத்தின் விசாரணையில் கொக்கி சொன்னதெல்லாம் பேப்பரில் வந்திருந்தது.

"இந்தப் புழுவுக்குப் பல்லு இல்லன்னு போன வருஷமே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. ஆனா அது—"

"அந்தத் தண்ணியத்தான்டி அவ அஞ்சு மாசம் குடிச்சா. வயித்துல புள்ளையோட. நீ இங்க ஒக்காந்துக்கிட்டு அதுக்குப் பேரு வெச்சுக்கிட்டிருந்தியா?"

கொக்கி எழுந்து வெளியே போனான். போயிருக்க வேண்டாம். அவனாவது எதிரில் இருந்திருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

மருந்துக் கடையில் அக்கா மகனைப் பார்த்தேன். மனைவிக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்களாம், முடிவு வெள்ளிக்கிழமை வருமாம். என்ன வந்தாலும் உடனே போன் பண்ணு என்றேன். மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டே நின்றான்.

"அம்மா உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க, சித்தி."