கோடை முடியும்வரை மட்டும்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எனக்கு அதுவே போதும்.

பள்ளிக்கூடத்துப் படங்களை நீ திரும்பத் திரும்பக் கேட்டும் நான் அனுப்பவில்லை. வேலை அதிகம் என்று சொன்னது பொய். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். நீ வரைந்து கொடுத்த கட்டடத்தில் இப்போது நாங்கள் இல்லை. பின்னால் இருக்கிற பழைய தகரக் கொட்டகையில்தான் பாடம் நடத்துகிறேன்.

கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை. அது நன்றாக இருந்ததுதான் வினை. போன கோடையில் அத்தான் வேலை பார்க்கிற கல்வி அலுவலகத்தில் கூரை பெயர்ந்து விழுந்தது. அந்தச் சமயத்தில் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, என் வகுப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஃபேன் இல்லாமலே என்னமா குளுகுளுன்னு இருக்கு டீச்சர் என்றார். நானும் பூரித்துப்போய், என் தங்கச்சி போட்ட பிளான் சார் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரமே அலுவலகத்தை எங்கள் கட்டடத்துக்கு மாற்றி உத்தரவு வந்துவிட்டது. தற்காலிக ஏற்பாடுதான், கோடை முடியும்வரை மட்டும் என்று எழுதியிருந்தது. அந்தக் கோடையும் போய், மழையும் போய், இப்போது அடுத்த கோடை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கதைதான்.

வகுப்புகளுக்கு நடுவே நீ வைத்த மரத் தடுப்புகளை ஒரே காலையில் தள்ளி ஓரங்கட்டிவிட்டார்கள். பரீட்சை நடத்தலாம், கூட்டம் போடலாம், எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். மாற்றிக்கொண்டார்கள்.

நானும் ஏழெட்டு அம்மாக்களும் போய்க் கேட்டோம். அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பார்க்கலாம்மா என்றார். வெயிலில் நடந்து போன எங்களுக்கு அந்த அறையில் உட்கார்ந்ததும் கோபமே ஆறிவிட்டது. அப்படிக் கட்டி வைத்திருக்கிறாய். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனோம். கல்லில் நார் உரிக்கிற வேலை.

இதையும் நீ தெரிந்துகொள்வதுதான் நல்லது. மேற்குச் சுவரில் காற்றுக்காக நீ விட்ட துளைகளை எல்லாம், ஃபைலில் தூசி விழுகிறது என்று சிமென்ட் பூசி அடைத்துவிட்டார்கள். அடைத்ததும் புழுங்கியது. புழுங்குகிறது என்று ஏசி மாட்டினார்கள். அதன் வெளிப்பெட்டிகள் கொட்டகையைப் பார்த்து இருக்கின்றன. அவர்கள் அறையிலிருந்து வெளியேறுகிற அனல் எங்கள் பிள்ளைகள் முகத்தில் அடிக்கிறது. இனி கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அது பழைய கட்டடமாக இருக்காது.

அத்தான் ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்ததும் உன் புகழ்தான் பாடுவார். உன் தங்கச்சி கெட்டிக்காரி, ஆபீஸில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்குது என்பார். எங்கள் மகள் வாலு படிக்கிற கொட்டகையைப் பற்றிப் பேச்செடுத்தால், நான் மட்டும் எழுந்து வெளியே உட்கார்ந்தா வெயில் குறைஞ்சிடுமா என்று கேட்பார்.

போன வாரம் மதியம் வாலு வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள். அத்தான் ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேஜைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அப்பா, இது எங்க கிளாஸ்தானே என்று கேட்டிருக்கிறாள். ஆபீஸில் ஒருவரும் தலை நிமிரவில்லையாம். மற்றப் பிள்ளைகள் வாசலில் கூடி நின்றார்கள். கதவைச் சாத்துங்க, குளிர் போயிடும் என்று யாரோ சொல்ல, இவரேதான் எழுந்துபோய்ச் சாத்தினாராம். அதை என்னிடம் அவரே சொன்னார். அன்றிலிருந்து உன் கட்டடத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. வேலைக்கு மட்டும் நேரத்துக்குப் போய்விடுகிறார். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

மதியத்துக்கு மேல் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. இப்படியே குறைந்தால் பள்ளியை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. குறையத்தான் செய்யும்.

அங்கே உனக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சந்தோஷம். ஒத்துக்கொள்ளட்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். நான் என்ன சொல்லட்டும். ஒத்துக்கொள். நன்றாகவே வரைந்து கொடு. மோசமாக வரைய உனக்கு வரவும் வராது.

லீவுக்கு வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கேயே நில். பள்ளிக்கூட வழியாக நீயாக நடந்து வந்துவிடாதே. நான் வந்து பின் தெரு வழியாக வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். கொஞ்சம் சுற்றுத்தான். பேசிக்கொண்டே வந்தால் தெரியாது.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா