திங்களும் வியாழனும்

ஊரப்பாக்கம்
15.3.2009

அன்பு மகன் தௌசிப்புக்கு அத்தா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில இங்க நானும் என் பல்செட்டும் சுகம், துபாய்ல நீயும் உன் தொப்பையும் சுகமா இருக்கணும். உங்கம்மாவும் சுகம்னு எழுதத்தான் கை வரல. போன்ல சொன்னா பக்கத்துலயே நின்னு கேப்பா, அதான் கடுதாசி.

அவ இடுப்பு மூட்டு ஆபரேஷன் இந்த மாசம் இல்லன்னுட்டாங்க. தாம்பரம் ஆஸ்பத்திரில வயசாகி மெலிஞ்சவங்களுக்கு ஒரே டாக்டர் முடிவு பண்றதில்லயாம். கத்தி வைக்கிற டாக்டர், மயக்க டாக்டர், வயசானவங்க டாக்டர், எக்ஸர்சைஸ் சொல்லித் தர்ற தீபலட்சுமி பொண்ணு, சாப்பாட்டுக்கு ஒரு அம்மா, அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து பாக்குறாங்க. நிக்காஹுக்கு முன்னாடி பொண்ணு பாக்கக்கூட இத்தனை பேர் வரலியேன்னேன், ஒருத்தரும் சிரிக்கல. பலம் பாக்க அவ கையில ஒரு கருவியக் குடுத்து அமுக்கச் சொன்னாங்க, முள்ளு அசையவே இல்ல. என் காதத் திருகுறப்ப மட்டும் எங்கேர்ந்து பலம் வருதோ. போன மாசம் முப்பத்தொம்பது கிலோ, இப்ப முப்பத்தேழு. இந்த ஒடம்புல மயக்கம் குடுக்க எனக்கே பயமா இருக்கு பாய்னு மயக்க டாக்டர் சொன்னாரு.

தப்பு என்மேலதான்டா. அவ சாப்பிடுறத தினம் எழுதச் சொல்லி ஒரு நோட்டு குடுத்திருந்தாங்க. அவளுக்கு எழுத வராது, நான்தான் எழுதுனேன். மத்தியானம் பள்ளிவாசல்லேர்ந்து தொழுதுட்டு வந்து சாப்பிட்டியா சித்திகான்னா ஆச்சும்பா, நானும் முட்ட ரெண்டு, பருப்புன்னு என் அஞ்சாங்கிளாஸ் எழுத்துல அழகா எழுதிடுவேன். இவ்ளோ சாப்பிட்டும் எட எங்க போச்சுன்னு சாப்பாட்டு அம்மா நோட்டப் பாத்து முழிச்சாங்க. தீபலட்சுமி கையப் புடிச்சு நடக்க வச்சுக்கினே பேச்சுக் குடுத்ததுலதான் வெளிய வந்துது. திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறாளாம். கம்பெனில ஆளக் கொறைக்கிறாங்கன்னு நீ சொன்ன நாள்லேர்ந்து, உன் வேல நிலைக்கிற வரைக்கும். நோயாளிக்கு இது வேணாம்மான்னு பள்ளிவாசல் ஹஸரத்தே வூட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. எம்புள்ளைக்காக வச்சது, அவன் சொல்லட்டும்ங்கறா.

அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி அஞ்சு பேரும் மறுபடி பாக்குறாங்க, அதுக்குள்ள போன ரெண்டு கிலோவாவது ஏறணும். வேல நிலைச்சிடுச்சுன்னு ஒரு பொய் சொல்லுடான்னு எழுதத்தான் உக்காந்தேன். நோட்டுல நான் எழுதுன பொய்யே போதும். வேல இருந்தாலும் போனாலும் உள்ளத அப்படியே சொல்லு, ஆனா நோன்ப விட்டுட்டு சாப்பிடும்மான்னு சொல்லிட்டுத்தான் போனக் கீழ வைக்கணும். வேல போனா வந்துடு, உன் தொப்பைக்கு இங்க எடம் இருக்கு.

அல்லாஹ் உனக்கு நெறஞ்ச ஆயுசும் பரக்கத்தும் குடுக்கணும். மறந்துடாத, கடுதாசி கைக்கு வந்ததும் முத வியாழக்கெழம மத்தியானம் போன் பண்ணு. சோத்தத் தட்டுல போட்டு அவ முன்னாடி வச்சிக்கினு உக்காந்திருப்பேன். நோட்டும் பக்கத்துல இருக்கும், இனிமே கண்ணால பாத்துட்டுத்தான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அத்தா ஷாகுல்