மிளாறு குத்திய கண்

மார்ச் 4, 2024
தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கக் குனிந்தபோது மிளாறுக் குச்சி ஒன்று வலது கண்ணில் குத்திவிட்டது. என் பெண்சாதி பேச்சியம்மாவின் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து அலமாரியில் மிச்சம் இருந்தது. விட்டேன். எரிச்சல் அடங்கியது. டிஸ்பென்சரிக்குப் போகமாட்டேன். போன தடவை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை கொடுத்தார்கள். மருந்துப் பெட்டி இங்கிலீஷை நானாகவே படித்துக்கொண்டவன் நான்.

மார்ச் 7
சிவப்பு குறைவு. என் வைத்தியம்தான்.

மார்ச் 13
கருவிழியில் வெள்ளைப் புள்ளி. அந்தக் கண்ணுக்குப் பேச்சியம்மா வெறும் நிழல். "வீம்புக்கு ஒரு கண்ணக் குடுக்கப் போறீங்களா?" என்று கத்தினாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

மார்ச் 14
வார்டில் படுக்கை. டாக்டர் ரோகினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "ஐயா, வேற ஏதும் மருந்து விட்டனீங்களோ?"
இல்லை என்றேன். தோட்டத்துத் துரைமாருக்கே குனியாதவன் இவரிடமா குனிவேன்?
பேச்சியம்மா மடியிலிருந்து அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. துரோகி!
டாக்டர் திட்டவில்லை. "செடியிலயிருந்து பூஞ்சணம் ஏறியிருக்கலாம். இந்த மருந்து அதுக்குச் சோறு போட்ட மாதிரி. சுரண்டிப் பாத்தாத்தான் தெரியும்."
கண்ணைச் சுரண்டுவதா? ஆனால் கவ்வாத்து முடிந்து செடியின் கிளை வாதிலுள்ள பாசியைச் சுரண்டாமல் விட்டால் கொழுந்து வருமா? அது எனக்குப் புரிகிற நியாயம். "சொரண்டுங்கம்மா" என்றேன்.

மார்ச் 15
பூஞ்சணம்தான். பூதக்கண்ணாடியில் கிளைவிட்ட நூல் போலத் தெரிந்ததாம். மணிக்கு ஒரு சொட்டு.

மார்ச் 22
ஐந்து நிமிடம் பிந்தினாலும் தாதியைக் கூப்பிடுகிறேன். "சீயா இருக்கப்ப வார்டுக்கு மணிக்கூடு எதுக்கு?" என்று சிரிக்கிறாள். தாத்தாவுக்குச் சிங்களத்தில் சீயா.

ஏப்ரல் 9
வீட்டுக்கு விட்டார்கள். தழும்பு நிற்குமாம். நிற்கட்டும். பேச்சியம்மாவின் மூக்குத்தி தெரிகிறது. அவளிடம் சொல்லவில்லை — சொன்னால் ஜெயித்துவிடுவாள்.

மே 20
பக்கத்துக் காம்பரா வீட்டுச் சின்னராசா கண் சிவந்து வந்தான். கவ்வாத்து வெட்டும்போது மிளாறு பட்டதாம்.
"அண்ணே, ஒங்க சொட்டுல ரெண்டு விடுங்க."
"சொரண்டிப் பாக்காம சொட்டு கெடையாது."
"சாகும்போது கொண்டு போகவா வச்சிருக்கீங்க?"
திட்டட்டும். ஏழரை பஸ்ஸுக்கு நானும் கூடப் போகிறேன். டாக்டர் கேட்டால் வேறு எதுவும் விடவில்லை என்றுதான் சாதிப்பான். அவன் பெண்சாதி ரகசியமாகக் கொடுத்த காலிக் குப்பி என் சட்டைப் பையில் இருக்கிறது.