தகரத்துக்கு இந்தப் பக்கம்

மே 14, புதன்

இன்றைக்கும் கணக்கு வகுப்பில் என் முகம் அப்படியே நின்றுவிட்டது. "இசக்கிச்செல்வி, வாயத் தொறந்தபடி நிக்கியேம்மா, கேக்குதா?" என்று அனுசியா மிஸ் கேட்டது எனக்குக் கேட்டது. நான் தலையை ஆட்டியது அங்கே போகவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அதுவும் எனக்குத் தெரியாதபடிதான் படம் நின்றது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது, "ஒரு மாசம் அடுப்படியப் பாத்துக்கோ செல்வி" என்றார்கள். அந்த ஒரு மாசம் மூன்று வருடமாக முடியவில்லை. என்னைப் போல் பாதியில் நின்றவர்களுக்கு மிஸ் தென்காசியிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு போனில் வகுப்பு எடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. ஒரே நிபந்தனை, முகம் தெரிய வேண்டும். "முகத்தப் பாத்தாத்தான் புரிஞ்சுதா புரியலையான்னு எனக்குத் தெரியும்."

என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய போன், சிம் கிடையாது. வைஃபை பெட்டி மாடியில் அண்ணன் அறையில். நான் இருப்பது முற்றத்துக்குப் பின்னால், நெல் மூட்டை அடுக்கிய அறையில். இங்கே ஜன்னல் கம்பியோடு போனை ஒட்டிப் பிடித்தால் ஒரு கோடு வரும். அந்த ஒரு கோட்டில்தான் நான் பத்தாவது எழுத வேண்டும்.

மே 17, சனி

கேட்டுவிட்டேன். பெட்டியை மாடிப்படிப் பக்கமாவது இறக்கி வைக்கலாமா என்றுதான் கேட்டேன்.

சுபாஷ் அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்குதேன்லா? அத இறக்குனா இங்கன ஸ்பீடு போயிரும். ஒனக்குத்தான் ஒரு கோடு வருதுல்லா?"

அப்பா வழக்கம்போல் சுவரைக் காட்டினார். "பழைய சுவரு, முழங்கை அகலம். கேபிள்காரன் பீர் மைதீன் அன்னைக்கே சொல்லிட்டான். அதுக்காக வீட்டையா இடிக்க முடியும்?"

வீட்டை இடிக்கச் சொன்னேனா? ஒரு பெட்டியை நகர்த்தச் சொன்னேன்.

மே 24, சனி

சீசனுக்கு வீடு தயாராகிறது. பின்பக்கத்தில் என் அறையை ஒட்டி இரண்டு அறைகள். ஜூன் பிறந்தால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுவோம். இலஞ்சியில் எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். அறைக்காரர்களுக்கு ராத்திரி தோசையும் உண்டு. சுடுவது நான்.

முற்றத்திலிருந்து சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க, அறைகளுக்கு முன்னால் தட்டி கட்டுவது வழக்கம். போன வருடம் வரை தென்னங்கிடுகு. இந்த வருடம் அப்பா தகரம் வாங்கிவந்துவிட்டார். கூரை வரைக்கும் நெட்டுக்கு அடித்து, ஆள் நுழைய மட்டும் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே ஒரு வழி விட்டிருக்கிறார். "இனி ஒரு பொட்டு உள்ள வராது பாரு" என்று தட்டிக் காட்டினார்.

சாயங்காலம் ஜன்னல் கம்பியில் போனை வைத்தேன். ஒரு கோடும் இல்லை.

மே 26, திங்கள்

மழை மேகத்தால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். இல்லை. தகரத்தில் விட்ட வழியாகக் கையை வெளியே நீட்டினால் போனில் கோடு வருகிறது. கையை உள்ளே இழுத்தால் சுழலுகிறது. நீட்டு, கோடு. இழு, சுழி. பைத்தியம் மாதிரி நின்றுகொண்டு இதையே செய்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "சாரல் அடிச்சா ரூமுக்கு எவ வருவா? அவர்ட்ட போயி தகரத்தக் கழத்துன்னு சொல்லிறாத தாயி."

சொல்லவில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்?

ஜூன் 5, வியாழன்

சாரல் வந்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் கூட்டம் வந்துவிட்டது. இன்று விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் அறை பார்க்க வந்தது. கட்டில் பார்த்தார்கள், கக்கூஸ் பார்த்தார்கள். பிறகு அந்த வீட்டுப் பையன், "அங்கிள், வைஃபை வருமா?" என்று கேட்டான். அப்பா சுவரைப் பார்த்தார். அவர்கள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே வாசலில் எழுதியே போட்டிருக்கிறதாம்.

அவர்கள் குளிக்கப் போய் வருவதற்குள் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போய்விட்டு வந்துவிட்டான். கையில் ஒரு சின்னப் பெட்டி, வைஃபையை நீட்டித் தருகிறதாம். கரண்டு பிளக்கில் சொருகினால் போதுமாம்.

முழங்கை அகலச் சுவர் எங்கே போனது? போன மாசம் இருந்ததே? எனக்குக் குறுக்கே நின்ற சுவர், யாரோ ஒரு விருதுநகர்ப் பையன் கேட்டதும் விலகிவிட்டதா? அப்பம் இத்தன நாளு சுவரு இல்ல, நான்தான். நான் கேட்டேன்ல, அதான் முடியல.

ஜூன் 6, வெள்ளி

அண்ணன் அந்தப் பெட்டியைப் பின்னால் முதல் அறையிலேயே சொருகிவிட்டான். சிவப்பு விளக்கு எரிகிறது. போனில் எல்லாக் கோடும் நிமிர்ந்து நிற்கிறது, எதுவும் திறக்கவில்லை.

இன்று வந்த அறைக்காரம்மா, நான் தோசை கொண்டுபோனபோது அப்பாவிடம் கேட்டார்கள்: "பொண்ணு என்ன படிக்குது?"

"வீட்லதான் இருக்கா" என்றார் அப்பா.

மேசையில் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆமாம், வீட்டில்தான் இருக்கிறேன். அம்மியும்தான் வீட்டில் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அறைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைக்காரன் ஓட்டைப் பெட்டியைத் தள்ளிவிட்டான் என்று அண்ணன் சொல்கிறான். அப்பா பீர் மைதீனை போனில் பிடித்தார். "ஏ மைதீனு, லைன் ஒழுங்கா விடுதியா இல்ல பாதிய வழியில வித்துருதியா?" அந்தப் பக்கம் அவர், "அண்ணாச்சி, மாடியில ஓடுதுல்லா? அப்பம் என் லைன்ல என்ன தப்பு?" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது.

குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷ், எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். ஆனால் படம் போட்டிருந்தது. ஒரு வீடு. ஒரு மூலையில் மாடிப் பெட்டி, எதிர் மூலையில் போன் வைத்திருக்கும் ஆள், நடுவில் இந்தச் சின்னப் பெட்டி. பெட்டி தானாக எதையும் உண்டாக்காது, தன்னிடம் வந்ததைத்தான் அடுத்த ஆளுக்குத் தள்ளும். தகரத்துக்கு உள்ளே எதுவுமே வராத இடத்தில் அதைச் சொருகினால், தண்ணி இல்லாத கிணற்றில் மோட்டார் போட்ட மாதிரிதான்.

வயலுக்கு மோட்டார் போடுகிற வீட்டில் இது யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அறைக்காரர்கள் ஐந்தருவிக்குப் போன நேரம் பெட்டியைப் பிடுங்கி வந்தேன்.

முதலில் அடுப்படியில் கிரைண்டருக்குப் பின்னால் சொருகினேன். ஆரஞ்சு விளக்கு. பின்னறையில் ஒன்றும் வரவில்லை. எனக்கும் தெரியவில்லையோ என்று ஒரு நிமிடம் அழுகை வந்தது. பிறகுதான் அந்த வழி நினைவுக்கு வந்தது. தகரத்தில் ஆள் நுழைய விட்ட வழிக்கு நேர் எதிரே அடுப்படி ஜன்னல். மிக்சி பிளக்கும் அங்கேதான். மிக்சியை எடுத்துவிட்டுப் பெட்டியைச் சொருகினேன்.

பச்சை.

நெல் மூட்டை மேல் உட்கார்ந்து வகுப்பு முழுக்கப் பார்த்தேன். முகம் நிற்கவில்லை. மிஸ் கேட்டபோது பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டியது அவர்களுக்குத் தெரிந்தது.

ஜூன் 11, புதன்

"சுபாஷ் சரி பண்ணிட்டான்லா" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அண்ணன் மறுக்கவில்லை. "நேத்து செட்டிங்ஸ்ல கொஞ்சம் மாத்துனேன்" என்கிறான்.

என்ன செட்டிங்ஸ்லே மாத்துன நீ?

வாயைத் திறக்கவில்லை நான். எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஜூன் 12, வியாழன்

ஏழு மணிக்குப் போனைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. மாற்றிவிட்டார்கள்.

அண்ணனிடம் போனேன். "ரூம்காரங்க குளிச்சிட்டு வந்து போன் பாக்குற நேரம் அது. நீயும் ஏறுனா இழுக்காது. அப்பாதான் மாத்தச் சொன்னாவ. சீசன் முடியட்டும், ஒனக்குத் தாரேன்."

சீசன் முடியட்டும்.

ஜூன் 13, வெள்ளி

சீசன் முடியட்டும். அம்மாவுக்கு உடம்பு தேறட்டும். அண்ணனுக்கு வேலை கிடைக்கட்டும். எல்லாம் முடிந்து ஏதாவது மிச்சம் இருந்தால் அது எனக்கு. மிச்சம் என்றைக்காவது இருந்திருக்கிறதா? தோசை மாவு கூட மிஞ்சுவதில்லை இந்த வீட்டில்.

அம்மா தேறி இரண்டரை வருடம் ஆகிறது. நன்றாக நடக்கிறாள், பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய் காய் பேரம் பேசுகிறாள். திரும்ப என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் குணம். அதையே சாக்காக வைத்துக்கொண்டது அவர்கள். அமைதியான பிள்ளை, அமைதியான பிள்ளை என்று ஊருக்கெல்லாம் சொல்வார்களே, அதற்கு இதுதானா அர்த்தம்? எம் பொட்டிய நான் எடுத்து வச்சி, எம் மிக்சியக் கழத்திட்டு, அதுல நானே ஏறக் கூடாதுன்னா என்ன நியாயம் இது? யார்ட்ட கேக்க?

ஜூன் 14, சனி

மிஸ் அண்ணன் நம்பருக்கு அனுப்பியிருந்த செய்தியை அவன் இன்றுதான் காட்டினான். "இசக்கிச்செல்வி இரண்டு நாள் வந்தாள், மறுபடி காணோம். சேரக் காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வரவில்லை என்றால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்."

"ஒண்ணுமில்ல, அடுத்த வருசம் சேந்துக்கிடலாம்" என்றான்.

ஜூன் 16, திங்கள்

தாளில் இன்னொரு படம் இருக்கிறது. பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. ஊக்கால் குத்தினால் எல்லாம் அழிந்து புதுசாகிவிடுமாம். ஊக்கு என் வளையலில்தான் மாட்டியிருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் அண்ணன் கிரவுண்டுக்கு ஓடப் போனதும் குத்தினேன். மாடிப் பெட்டியில் ஒரு பட்டன், கீழே ஓடிவந்து இதில் ஒரு பட்டன். படத்தில் போட்டிருந்தபடியே. பச்சை வந்தது. போனில் புதுப் பேர் கேட்டது, புது பாஸ்வேர்டு கேட்டது. பேருக்கு என்ன போடுவது என்று யோசித்தேன். என் பேரைப் போட்டேன். போட்ட பிறகு பயம் வந்தது. அழிக்கவில்லை.

சாயங்காலம் அறைக்காரர்கள் வந்து வைஃபை போச்சு என்றார்கள். அப்பா முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். அண்ணன் பெட்டியைப் பிடுங்கப் போனான். "ஏலே, நீ கைய வைக்காத. போன தடவ நீ வச்சி நாலு நாளு செத்துக் கெடந்துச்சி" என்றார் அப்பா. பிறகு ஒரு அறைக்காரர் போனைக் காட்டி, "இசக்கிச்செல்வின்னு ஒண்ணு ஃபுல்லா காட்டுதே, அது யாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, பாஸ்வேர்டு என்ன?" என்றார் அப்பா.

"ஏழு மணிக்கு எனக்குக் கிளாஸு" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "கிளாஸு முடியற வரைக்கும் யாரும் என்னயக் கூப்பிடக் கூடாது. தோச கேக்கக் கூடாது. சரின்னா சொல்லுதேன்."

"அப்பம் தோசைய யாரு சுடுவா?"

அம்மா அடுப்படியிலிருந்து, "எனக்குக் கையி இருக்குல்லா" என்றாள். கரண்டியை டங்கென்று வைத்தாள். "மூணு வருசம் அவ சுட்டது போதும்."

அறைக்காரர் போனை நீட்டியபடியே நின்றார். நான் வாங்கி, பாஸ்வேர்டை நானே அடித்துக் கொடுத்தேன். மணி ஏழாகிவிட்டிருந்தது. ஓடினேன்.

ஜூன் 18, புதன்

அப்பா என்னோடு பேசவில்லை. ஏழு மணிக்குக் கூப்பிடவும் இல்லை.

ஜூன் 21, சனி

அண்ணன் வந்து நின்றான். "மாடியில படிச்சிப் படிச்சி மண்ட காயுது, ராத்திரி முற்றத்துல உக்காரலாம்னு பாக்கேன். அந்தப் பாஸ்வேர்டு..." என்று இழுத்தான்.

"எங்க வைக்கணும்னு யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டேன்.

"நீதான்."

"அத அப்பாட்ட சொல்லு."

சொன்னானா என்று தெரியாது. கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

நல்ல சாரல். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் மிஸ் சொல்வது பாதிதான் கேட்டது, ஆனால் படம் நிற்கவில்லை. பலகையில் ஒரு கணக்கைப் போட்டு, "இசக்கிச்செல்வி, இன்னைக்கு நீ சொல்லு, தலைய ஆட்டாத" என்றார்கள். மைக்கைப் போட்டேன். முதல் தடவை. வாய்க்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் சிவகாசியிலிருந்து புதிதாக வந்த ஒரு அம்மா, "அண்ணாச்சி, இந்த வைஃபையில இசக்கிச்செல்வின்னு வருதே, யாரு?" என்று கேட்பது கேட்டது.

"எம் மவ" என்றார் அப்பா. மழைக்கு மேலே சத்தமாகத்தான் சொன்னார். "பத்தாவது படிக்கா. இப்பம் கிளாஸு நடக்குது, முடிஞ்சதும் அவளே வந்து போட்டுத் தருவா."

மைக் போட்டபடியே இருந்தது. மிஸ்ஸுக்கும் கேட்டிருக்கும்.